நடக்க விடாத ஒழுங்கை

தொப்புளுக்குச் சற்று மேலே எனக்கு ஒரு கட்டி இருக்கிறது என்பதை முதலில் சொன்னது என் தையல் மெஷின் மேசைதான். பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்த மார்கழி மாதம். ஊசியில் நூல் கோர்க்கக் குனிந்தபோது மேசை விளிம்பு வயிற்றில் பட்டு நொந்தது. கை வைத்துப் பார்த்தேன். தேசிக்காய் அளவில் மெத்தென்று ஏதோ இருந்தது. அமுக்கினால் உள்ளே போனது. இருமினால் வெளியே வந்தது. உள்ளே போகிற கட்டி பொல்லாத கட்டியாக இருக்காது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, மிச்சச் சீருடைகளையும் தைத்து முடித்தேன்.

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் கொஞ்சத் தூரம் உள்ளே வந்தால் வலப்பக்கம் சந்து மாதிரி ஒரு கொங்கிறீட் ஒழுங்கை இறங்கும். அதில் எங்களுடையது நடுவீடு. நான் வீட்டிலிருந்தே ரவிக்கையும் சீருடையும் தைக்கிறவள். கணவர் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகன் கட்டாரில். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியேறுவார். அப்படி அம்மாவின் வளவு மூன்றாகி, எனக்கு இடப்பக்கம் தங்கச்சி மாலதி, வலப்பக்கம் கடைசித் தங்கச்சி ரஜனி. மதில் எழுப்பிய வருடம் எல்லைக்கல்லுக்காகச் சண்டை பிடித்து மூன்று பேரும் முகம் பார்க்காமல் இருந்தோம். பிறகு ஒரு நாள் மாலதி மதிலுக்கு மேலால் ஒரு கோப்பை இறால் கறியை நீட்டினாள். நான் வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் சமாதானம் கோப்பையில்தான் நடக்கிறது. வருகிற கோப்பை வெறுமையாகத் திரும்பக் கூடாது. வேண்டாம் என்று ஒரு கோப்பையைத் திருப்பினால் அந்த எல்லைக்கல் மறுபடி எழும்பிவிடும்.

இந்த ஒழுங்கையில் யார் பருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். முன்பு புது ரவிக்கை தைக்க வருவார்கள். இப்போது பாதி வேலை, தைத்த ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பதுதான். "துணி சுருங்கித்து அக்கா" என்பார்கள். நானும் ஓம் சுருங்கித்து என்பேன். கடைத் துணியெல்லாம் சுருங்குவதாகத்தான் இந்த ஒழுங்கையில் பேச்சு. என் சட்டைகளும் அப்படியே சுருங்கிக்கொண்டு போயின. அவற்றையும் நானே பிரித்துத் தைத்துக்கொண்டேன், ஆருக்கும் தெரியாது.

மழைக்காலத்து இருமலோடு கட்டி கொஞ்சம் பெருத்தது. ஒரு நாள் உள்ளே போக மறுத்து, படுத்துத் தடவிய பிறகுதான் போனது. அப்போதுதான் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆட்டோவின் பின் இருக்கையில் தலையணை ஒன்றைப் போட்டு, "ஏறு" என்றார். இப்படித்தான் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கும் எனக்கும் சம்பந்தம் தொடங்கியது.

கிளினிக் மண்டபத்தில் காத்திருப்பது தனி வித்தை. நீள வாங்கில் எல்லோரும் வரிசையாக நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டும். எழும்பினால் இடம் போய்விடும். பக்கத்தில் இருந்த பெண் தன் பித்தப்பைக் கதையைச் சொன்னாள். நான் என் கட்டிக் கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். அந்த மண்டபத்தில் பலருக்கும் அப்படித்தான் போலிருந்தது.

சத்திரசிகிச்சை டொக்டர் படுக்க வைத்து இருமச் சொன்னார். ஒரு விரலால் தொட்டுவிட்டு, "ஹேர்னியா" என்றார். குடலிறக்கம். அவர் விளங்கப்படுத்தியதை என் பாஷையில் சொல்வதானால், வயிற்றுச் சுவர் என்பது உள்ளே இருப்பதைத் தாங்கும் துணி. பிள்ளை பெற்றதிலும் நிறை கூடியதிலும் இழுபட்டு இழுபட்டு அந்தத் துணியில் ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஓட்டை வழியாகக் குடலின் ஒரு துண்டு எட்டிப் பார்க்கிறது. உள்ளே போய் வந்துகொண்டிருக்கும் வரை ஆபத்தில்லை. ஒரு நாள் அது வெளியே வந்து இறுகிவிட்டால் இரத்த ஓட்டம் நின்று அந்தக் குடல் செத்துவிடும். அது வயிற்றுக்குள் அழுகினால் ஆளும் போகலாம். ஆகையால் ஓட்டையை மூடி, மேலே ஒரு வலை வைத்துத் தைக்க வேண்டும்.

"எப்ப செய்வீங்க டொக்டர்?" என்று கேட்டேன்.

"மயக்கமருந்து டொக்டர் சரி எண்டு சொன்னா நான் செய்வன்."

மயக்கமருந்து டொக்டர் காத்தான்குடிப் பக்கத்தவர், முக்காட்டுக்குள் களைத்த முகம், ஆனால் பேச்சு பதமானது. முதலில் தராசில் ஏற்றினார்கள். தாதி மிஸ் என் நிறையை மண்டபத்துக்கே கேட்கும்படி வாசித்தாள். நான் செருப்போடு ஏறிவிட்டேன், செருப்பு பாரமானது என்று சொல்லிப் பார்த்தேன். மிஸ் சிரிக்கவில்லை. இடுப்புச் சுற்றளவையும் எடுத்தாள். நாடாவை அவள் பிடித்த விதம் சரியில்லை, இரண்டு இஞ்சி கூடக் காட்டும் என்று சொல்ல வாய் வந்தது. பிறகு அவள் நாடாவைச் சரியாகப் பிடித்தாள். எண் கூடியது.

டொக்டர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். பிறகு என் கணவரைப் பார்த்து, "குறட்டை விடுவாங்களா?" என்றார்.

"பக்கத்து வீட்டு நாய் எழும்பும் டொக்டர்" என்றார் இவர், ஏதோ என் கெட்டித்தனத்தைச் சொல்வது மாதிரி.

"இடையில மூச்சு நிண்டு, திடுக்கிட்டு எழும்புவாங்களா?"

இவருடைய சிரிப்பு நின்றுபோனது. "ஓம்" என்றார். எனக்கு அது அதுவரை தெரியாது. எத்தனையோ இரவு என் மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு இந்த மனிதர் முழித்துக் கிடந்திருக்கிறார்.

டொக்டர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. உயரத்துக்கு ஏற்ற நிறை இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறதாம்; அதில் நான் எல்லை கடந்து எங்கேயோ நிற்கிறேன். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் கூடுதலாகவே வந்திருந்தது. கழுத்தில் சதை பிடித்தவருக்கு மயக்கம் தந்தால் மூச்சுக்குழாய் வைப்பது கஷ்டம், எழுப்புவதும் கஷ்டம், தைத்த இடமும் ஆறாது. "பத்துக் கிலோ குறைச்சுக்கு வாங்கம்மா. சீனியையும் இறக்குங்க. மறுகா செய்வம். அதுக்குள்ள கட்டி இறுகி, சத்தி, வாந்தி வந்தா, ஒரு நிமிசமும் நிக்காம ஓடி வாங்க."

எழும்பும்போது அவர் இன்னொன்று கேட்டார். "நீங்க இருக்கிற இடத்துல நடக்க ஏலுமா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வருத்தம் என் வயிற்றில், இவ ஏன் என் ஒழுங்கையைப் பற்றிக் கேட்கிறா? "ஏன் ஏலாது, கொங்கிறீட் போட்ட ரோட்டு" என்றேன்.

மகன் கட்டாரிலிருந்து போன் எடுத்து, தனியார் ஆஸ்பத்திரியில் செய்வோம், காசை யோசிக்காதீங்க அம்மா என்றான். அங்கேயும் போனோம். ஏசி அறை, குளிர்ந்த கதிரை, மரியாதை எல்லாம் இருந்தது. அவர்களும் தராசில் ஏற்றிவிட்டு அதையேதான் சொன்னார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் நடக்க வெளிக்கிட்டேன். டொக்டரின் கேள்வி எனக்கு விளங்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

கேற்றைத் திறந்து நாலு வீடு போவதற்குள் நாலு பேர் கேட்டார்கள், "எங்க போறீங்க?" சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்புவதாக இல்லை. பெண் ஒருத்தி விடியற்காலையில் கையில் பையும் இல்லாமல் சும்மா நடப்பாளா? வளைவில் நாய்கள் மூன்று எழும்பின. ஒழுங்கை முடிந்து பதுளை வீதிக்கு ஏறினால் ஓரத்தில் நடக்க ஒரு முழ இடம் இல்லை. மண் ஏற்றிய டிப்பர்கள் சேலையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரிப் பறந்தன. திரும்பி ஒழுங்கைக்குள்ளேயே வந்தேன். கடைசி வீட்டு டீச்சர் கேற்றில் நின்றார். "நடந்து களைச்சுப் போனீங்க, வந்து ஒரு தேத்தண்ணி குடிங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பால்மாத் தேத்தண்ணியோடு இரண்டு ரோல்ஸ் வந்தது. வேண்டாம் என்றால் குறை நினைப்பார். நடந்ததைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் நாள் சந்திப் பக்கம் போனேன். இவருடைய தரிப்பிடத்து ஆட்டோ ஒன்று பக்கத்தில் நின்றது. "அக்கா, ஏறுங்க." வேண்டாம் என்றேன். அடுத்த ஆட்டோவும் நின்றது. ஆட்டோக்காரன் பெண்சாதி தெருவில் நடந்தால் அதன் அர்த்தம் ஒன்றுதான். பின்னேரம் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"தரிப்பிடத்துல எல்லாரும் கேக்கிறானுகள், வீட்டில சண்டையா எண்டு."

"டொக்டர் நடக்கச் சொன்னவ எண்டு சொல்லுங்களன்."

"சொன்னன். சிரிக்கிறானுகள். ஆட்டோவில கூட்டிப் போகாம டொக்டரச் சாட்டுறன் எண்டு."

மூன்றாம் நாள் அவர் ஆட்டோவை என் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார், துணைக்காம். நான் ஏறிவிட்டேன்.

முன்னைய காலம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. வீடுகளுக்குப் பின்னால் வட்டை இருந்த காலத்தில், வயல் வரம்பால் பெண்கள் தண்ணீருக்கும் கோயிலுக்கும் நடந்தோம், ஓம். மெலிந்துதான் இருந்தோம். ஆனால் அது யுத்தத்தில் பங்கர் வெட்டி ஒளித்திருந்த காலம், பசியும் பயமும் சேர்ந்துதான் எங்களை மெலிய வைத்தன. இப்போது அந்த வயலைத் துண்டு துண்டாக விற்று முள்ளுக்கம்பி அடித்துவிட்டார்கள். வரம்பு கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. குழாயில் தண்ணீர் வருகிறது. மெஷினுக்கு மோட்டர் பூட்டிவிட்டேன், காலுக்கும் வேலை இல்லை. ஒழுங்கை வாயில் கொத்து ரொட்டிக் கடை, பேக்கரி, சோடாக் கடை. பாண் ஆட்டோ காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு கேற்றடிக்கே வந்து பணிஸ் தரும். ஒரு பிடி கீரை வேண்டுமென்றால் மட்டும் சந்தைக்குப் போக வேண்டும். யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டியது போல இருந்தது, இங்கே இருக்கிறவர்கள் பருக்க வேண்டும் என்று. யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நடை போனால் போகட்டும், வாயைக் கட்டுவோம் என்று முடிவெடுத்தேன். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொன்ன பிள்ளை, இரவில் சோறு வேண்டாம், குரக்கன் மாவில் ஏதாவது இலேசாகச் சாப்பிடுங்கள் என்றிருந்தாள். இதைத் தங்கச்சிமாரிடம் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை.

அன்று பின்னேரம் மாலதி இடப்பக்க மதிலால் ஒரு கோப்பை நீட்டினாள். குரக்கன் புட்டு, சின்ன மீன் சொதி. "இனி ராச்சாப்பாட்ட நான் பாத்துக்கிறன். நீங்க அடுப்படிக்கே போகாதீங்க அக்கா." கண் கலங்கிவிட்டது எனக்கு. சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் ரஜனி வலப்பக்க மதிலடியில் நின்றாள். குரக்கன் ரொட்டி, வல்லாரைச் சம்பல். "இது இலேசுதான் அக்கா. மாலதிக்காக்கு எங்க நேரம், நான்தான் உங்களுக்குச் செய்து தரணும்." மாலதி தந்துவிட்டாள் என்று சொன்னால் இவள் முகம் சுருங்கும். அக்காவின் கை பிடிக்கும், என்னுடையது பிடிக்காதா என்பாள். சாப்பிட்டேன். ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த இவர் கையில் ஒரு பொலித்தீன் பை. இலைக்கஞ்சி. "சீனிக்கு நல்லதாம்" என்று கிண்ணத்தில் ஊற்றித் தந்து, குடித்து முடியும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளும் எனக்கு ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துத் தராத மனிதர். குடித்தேன்.

நாள் தவறாமல் இப்படி நடந்தது. வெறும் கோப்பை திரும்பக் கூடாதே என்று பகலில் நான் பருத்தித்துறை வடையும் பயற்றம் பணியாரமும் சுட்டு இரண்டு பக்கமும் அனுப்பினேன். உப்புப் பார்க்க ஒன்று, பதம் பார்க்க ஒன்று. ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் மூன்று பேரும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு தங்கச்சிமாரும் கூட வந்தார்கள். தராசில் ஏறினேன், செருப்பைக் கழற்றிவிட்டு. நிறை கூடியிருந்தது.

மயக்கமருந்து டொக்டர் என் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். மாலதி பொறுக்க மாட்டாமல், "டொக்டர், இவ ராவில நான் குடுக்கிற குரக்கன் புட்ட மட்டும்தான் தின்றவ" என்றாள்.

"நீங்களா குடுக்கிறீங்க?" என்றாள் ரஜனி. "நானெல்லோ ரொட்டி குடுக்கிறன்!"

வாசலடியில் நின்ற இவர் மெல்ல, "அப்ப கஞ்சி?" என்றார்.

டொக்டர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் நான் அழுதேன். சிரிக்கிற விஷயம் இல்லை அது. என் சத்திரசிகிச்சை தள்ளிப்போய்விட்டது. வயிற்றில் அந்தக் கட்டி அப்படியே இருக்கிறது, எந்த நாளும் அது இறுகலாம். என்னைச் சுற்றி இருக்கிற அன்பெல்லாம் சேர்ந்து என்னை அந்த நாளுக்குக் கிட்டக் கிட்டத் தள்ளுவதாகத் தோன்றியது.

அந்த நாள் வந்தே விட்டது. பத்து மணி வெயிலில் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். கட்டி கல்லாகியது. தடவினேன், படுத்தேன், காலை மடக்கினேன், போகவில்லை. சத்தி வந்தது. மதிலால் எட்டிப் பார்த்த ரஜனி நான் நிலத்தில் கிடப்பதைக் கண்டு கத்திய கத்தலில் ஒழுங்கையே கூடிவிட்டது. அப்போதும் யாரோ சோடா ஒன்றை உடைத்துக்கொண்டு வந்தார்கள், வாய்வாக இருக்கும் என்று. "வேணாம், ஒண்டும் குடுக்காதீங்க!" என்று மாலதி தட்டிவிட்டாள். அவள் எனக்கு ஒன்றும் கொடுக்காதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இவர் ஓட்டிய ஓட்டம் இன்னும் நினைவிருக்கிறது. ஏறாவூர் கடந்து தன்னாமுனை வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. இவர் திரும்பித் திரும்பிப் பார்த்து, "என்னோட கதைச்சுக்கு வா, நிப்பாட்டாத" என்றார். "ரோட்டப் பாருங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் தராசைப் பற்றிப் பேசவில்லை. ஊசி, மூக்கில் குழாய், ஈசீஜி, கையொப்பம். சத்திரசிகிச்சை அறை வாசலில் அதே மயக்கமருந்து டொக்டர் நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எழும்புவனா டொக்டர்?"

"எழுப்பத்தானே நான் நிக்கன்" என்றார். ஆனால் அவர் கண் என் கழுத்தில் இருந்தது. எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? சாவதைப் பற்றிக்கூட இல்லை. இத்தனை பெரிய உடம்பை நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி மேசையில் வைப்பார்களே, அதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று வெட்கம் வந்தது. சாகப் போகிற நேரத்திலும் மனுசிக்கு வெட்கம் வருகிறது. வாசல் மூடும்போது இவர் என் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

எழும்பினேன். தொண்டை கிழிந்த மாதிரி நொந்தது, முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க். பின்னர் சத்திரசிகிச்சை டொக்டர் வந்து சொன்னார். குடல் கறுத்துப் போயிருந்ததாம். சுடுநீர்த் துணியால் சுற்றி வைத்துக் காத்திருந்தபோது நிறம் திரும்பியதாம், வெட்ட வேண்டி வரவில்லை. அவசரத்தில் வலை வைக்கவில்லை, தையல் மட்டும்தான். "நிறை கூடினா தையல் விட்டிரும். விளங்குதா?"

எனக்கு விளங்காதா? இறுக்கமான துணியில் போட்ட தையல் எத்தனை நாள் தாங்கும் என்பது நான் தினமும் பார்க்கிற விஷயம்.

இரண்டாம் நாள் தாதி மிஸ் என்னை எழுப்பி நடக்கச் சொன்னாள். கால் நரம்பில் இரத்தம் கட்டாமல் இருக்க நடக்க வேண்டுமாம். வார்ட்டுக்கு வெளியே ஒரு நீளமான கொரிடோர், பக்கத்தில் யன்னல்கள், பிடித்து நடக்கக் கம்பி. இவர் பக்கத்தில் வந்தார். என் வயிற்றிலிருந்து வருகிற குழாயின் பையைப் பவுண் நகை மாதிரிப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு நடந்தார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்தக் கொரிடோரில் யாரும் "எங்க போறீங்க" என்று கேட்கவில்லை. யாரும் தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை. நாய் இல்லை, டிப்பர் இல்லை. கடைசி யன்னல் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனேன். தையல் இழுத்தது, நொந்தது, ஆனாலும் நிறுத்த மனமில்லை. ஒரு பெண் நிம்மதியாக நடப்பதற்கு ஒரு இடம் கிடைக்க அவள் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். சிரித்தால் வயிறு நோகும், அதனால் சிரிக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர் முஸ்லிம் ராத்தா ஒருவர், பித்தப்பை எடுத்தவர். நான் இதைச் சொன்னதும் அவர், "நான் சுபஹு தொழுதிட்டு வீட்டு மேல்தட்டுல நடக்கன் புள்ள. தெருவுல நடந்தா ஆயிரம் கதை. மேல்தட்டுல மூலைக்கு மூலை சுத்தினா தலை சுத்துது" என்றார். அவருடைய மருமகள் கொண்டுவந்த இனிப்பு வட்டிலப்பத்தை மிஸ் பறித்து மேசையில் வைத்தாள். எனக்கு வந்த மோல்ட் மா டின்களும் பிஸ்கட் பெட்டிகளும் அதே மேசையில்தான் இருந்தன. எங்கள் ஒழுங்கையிலிருந்து வந்தவர்கள் ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சில விஷயங்கள் மாறின. தங்கச்சிமார் இரண்டு பேரும் தங்களுக்குள் நாள் பிரித்துக்கொண்டார்கள். கோப்பையும் சின்னக் கோப்பையானது. இவர் விடியற்காலையில் என்னை ஆட்டோவில் ஏற்றிப் பட்டணத்து வாவிக்கரையில் நடைபாதை இருக்கும் இடத்தில் விடுகிறார். நான் நடக்கிறேன், அவர் ஆட்டோவுக்குள் நித்திரை கொள்கிறார். நடப்பதற்கு ஆட்டோவில் போகிற கூத்தைப் பார்த்துத் தரிப்பிடம் இப்போது வேறு விதமாகச் சிரிக்கிறது. எல்லோர் வீட்டிலும் ஆட்டோ இல்லை என்பதும், எல்லாப் புருசன்மாரும் பெற்றோல் எரிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் நிறை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒழுங்கையில் மற்றவர்களுடைய துணிகள் இன்னும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மாலதியையும் நடக்க வரச் சொல்லி எத்தனையோ தரம் கூப்பிட்டேன். "நானும் வந்தா ஆரு காலமச் சாப்பாடு செய்யிற?" என்பாள்.

போன கிழமை அவள் ரவிக்கைத் துணியோடு வந்தாள், ரஜனியின் மகளுடைய கல்யாணத்துக்கு. பாவாடையும் தைக்க வேண்டும் என்றாள். நாடாவை இடுப்பைச் சுற்றிப் போட்டேன். எல்லோரும் செய்கிற மாதிரி அவளும் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"மூச்ச விடுகா மாலதி. கல்யாண வீட்டில மூச்சு விடாமலா நிக்கப் போறாய்?"

விட்டாள். நாடாவோடு இருந்த என் பெருவிரலுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே, மெத்தென்று ஒன்று வந்து முட்டியது. அமுக்கினேன். உள்ளே போனது. "இருமு" என்றேன்.

அவள் இருமவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து?"

"நீங்க ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள."

"ஏன்கா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"போனா முதல்ல தராசில ஏத்தி, எல்லாருக்கும் கேக்க வாசிப்பாங்க எண்டு நீங்கதானே அக்கா சொன்னீங்க." அழத் தொடங்கினாள். "பத்துக் கிலோவ நான் எங்க போய்க் குறைக்கிற?"

நானே குறைக்காமல்தான் மேசையில் ஏறினேன். அவளுக்கு என்ன வழி சொல்வேன்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தின இஞ்சி வந்திச்சு?" என்று கேட்டாள்.

நாடா இன்னும் என் விரலில்தான் இருந்தது. எனக்குச் சத்திரசிகிச்சை செய்ய ஏலாது என்று திருப்பி அனுப்பிய அன்று மிஸ் என் இடுப்புக்கு எடுத்த அளவைவிட அது கூட. நாடாவை உருவி எடுத்தேன்.

"வெள்ளன எழும்பு. கிளினிக்குக்கு நானும் வாறன்" என்றேன்.